துறைமுகத்துக்கு நான் ஏன் வரி கட்டுகிறேன்? விமான நிலையம் யாருடைய பொறுப்பு?

கென்ட்_கதிர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போன ஆண்டு அமெரிக்காவில் சியாட்டிலுக்குத் தெற்கே கென்ட் நகரில் வீடு வாங்கினோம். இரண்டாம் தவணைச் சொத்துவரியை அக்டோபர் 31-க்குள் கட்ட வேண்டும் என்பதால் எங்கள் மாவட்டமான கிங் கவுன்ட்டியின் கணக்கை முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். பள்ளி, நூலகம், தீயணைப்பு, வெள்ளத் தடுப்பு எல்லாம் புரிகிறது. நடுவில் ‘துறைமுகம்’ என்று ஒரு வரி, ஆண்டுக்கு எழுபது டாலர் சொச்சம். எங்கள் வீட்டுக் கொல்லையில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை.

அதே வாரம் மனைவிக்குத் தபாலில் வாக்குச்சீட்டு வந்தது. குடியுரிமை பெற்றபின் அவளுடைய முதல் வாக்கு. அதில் ‘துறைமுக ஆணையர்’ பதவிக்குப் போட்டி. வேட்பாளர் கையேட்டில் ஒருவர் விமானச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார், மற்றொருவர் அலாஸ்கா கப்பல் சுற்றுலா, மூன்றாமவர் கார்பன். படித்துவிட்டு, ‘இவர்கள் எல்லாம் ஒரே பதவிக்குத்தான் நிற்கிறார்களா?’ என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நம் ஊரில் துறைமுகம் ஓர் அமைச்சகம், விமான நிலையம் இன்னொன்று, சுற்றுலா மாநில அரசு. இங்கே எல்லாம் ஒரே குடையின் கீழ் எப்படி வந்தது? என் எழுபது டாலர் ஓடுபாதைக்குப் போகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரெட்மண்ட்_ரவி எழுதியது:

சீடாக் விமான நிலையத்தைத் துறைமுகம்தான் நடத்துகிறது. போயிங் ஃபீல்டு விமான நிலையமும் அவர்களுடையதே. ஆகவே வரி அங்கேதான் போகும், வேறெங்கே போகப் போகிறது? மொத்த வரியில் நூற்றில் ஒரு பங்கு. விட்டுத் தள்ளுங்கள்.

தணிக்கை_தாத்தா எழுதியது:

ரவி தம்பி, நூற்றில் ஒரு பங்கு என்பது ஏறக்குறையச் சரி. மற்ற இரண்டும் தவறு. போயிங் ஃபீல்டை நடத்துவது கிங் கவுன்ட்டி. வடக்கே எவரெட்டில் இருக்கும் பெய்ன் ஃபீல்டு ஸ்னோஹோமிஷ் கவுன்ட்டியுடையது. சீடாக் மட்டும்தான் சியாட்டில் துறைமுகத்துடையது. வரிப்பணம் எங்கே போகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன், அதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது.

கதிர், நான் பியூரியனில் மூன்றாவது ஓடுபாதைக்கு மேற்கே குடியிருப்பவன். கணக்குத் தணிக்கை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் துறைமுக ஆணையத்தின் கூட்டங்களுக்குப் போய் உட்காருவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கோயிலுக்குப் போவதைப் போல மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை போய்வருகிறேன்.

பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் சியாட்டிலின் கடற்கரை முழுவதும் ரயில் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. எந்தச் சரக்கு எங்கே இறங்கலாம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அவர்கள் வைத்ததே சட்டம். 1911-இல் வாஷிங்டன் மாநிலம் துறைமுக மாவட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கிங் கவுன்ட்டி மக்கள் வாக்களித்துச் சியாட்டில் துறைமுகத்தை உண்டாக்கினார்கள். முதல் ஆணையர் மூவரில் ஒருவர் ஹைரம் சிட்டென்டன் என்ற ராணுவப் பொறியாளர். பாலார்டில் படகுகள் ஏறி இறங்கும் நீர்ப்பூட்டுகளைப் பார்க்கப் போனீர்களானால் அவர் பெயரைத்தான் பலகையில் காண்பீர்கள். கரையைத் தனியார் கையிலிருந்து மீட்பதற்காகப் பிறந்த அமைப்பு என்பதால் மக்களே ஆணையரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், வரி விதிக்கும் அதிகாரமும் தொடக்கத்திலேயே சேர்ந்து வந்தன. இன்று ஐந்து ஆணையர்கள். நான்கு ஆண்டுப் பதவி. கட்சிச் சின்னம் கிடையாது. கவுன்ட்டி முழுவதும் ஒரே தொகுதி.

விமான நிலையம் போர்க்காலத்தில் மடியில் விழுந்த பிள்ளை. போயிங் ஃபீல்டை ராணுவத் தேவைகள் நிரப்பிவிட்டதால், யாராவது ஒரு புதிய பொது விமான நிலையம் கட்டினால் 10 லட்சம் டாலர் தருகிறோம் என்றது மத்திய அரசின் விமானத்துறை. 1942-இல் துறைமுகம் அதை ஏற்றுக்கொண்டது. டகோமா நகரம் 1 லட்சம் டாலர் போட்டது. சியாட்டில் பாதி, டகோமா பாதி என்று ‘சீடாக்’ பெயர் வந்த வழி அது. 1949-இல் பயணிகள் முனையம் திறந்தார்கள். விமான நிலையத்தைச் சுற்றி முளைத்த ஊர் 1990-இல் நகரமாகி, அதே பெயரைத் தனக்கும் வைத்துக்கொண்டது. இப்போது நகரம் வேறு, நிலையம் வேறு. இந்தக் குழப்பம் பின்னால் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது.

இனி பணம். துறைமுகத்துக்கு இரண்டு கல்லாப்பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தின் கல்லா ஒன்று. விமான நிறுவனங்கள் கட்டும் தரையிறங்கும் கட்டணம், முனைய வாடகை, வாகன நிறுத்தம், கடைகளின் பங்கு, உங்கள் டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் 4.50 டாலர் பயணி வசதிக் கட்டணம் எல்லாம் அதில் விழும். விழுந்த காசு அங்கேயே செலவாக வேண்டும் என்பது மத்தியச் சட்டம். வாஷிங்டன் டி.சி.யில் இருக்கும் விமானப் போக்குவரத்து நிர்வாகம் இதில் கழுகு போல. விமான நிலையத்தின் ஒரு டாலர் துறைமுகத்தின் மீன்பிடிப் படகுத்துறைக்குப் போனால்கூடக் கேள்வி வரும்.

இரண்டாவது கல்லா உங்கள் எழுபது டாலர். மதிப்பீட்டில் ஆயிரம் டாலருக்குச் சுமார் 10 சென்ட். கவுன்ட்டி முழுக்கச் சேர்ந்தால் ஆண்டுக்கு 8 கோடி டாலருக்கு மேல். கடற்கரைப் பக்கத்துக் கடன்கள், டுவாமிஷ் ஆற்றின் பழைய நச்சைத் தோண்டியெடுக்கும் வேலை, தொழிற்பயிற்சி, உள்ளூர்ப் பொருளாதாரத் திட்டங்கள் என்று அது போகும். ஓடுபாதைக்குப் போவதில்லை. டுவாமிஷ் கரையில் 2022-இல் திறந்த பூங்காவுக்குப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப் போங்கள். அந்த இடம் ஒரு காலத்தில் தார் ஓடு செய்த தொழிற்சாலை. இன்று நாரையும் நாணலும் இருக்கின்றன. உங்கள் காசு அங்கே தெரியும்.

எந்தக் கேள்வியாக இருந்தாலும், ‘இது எந்தக் கல்லா?’ என்று முதலில் கேளுங்கள். யார் முடிவெடுக்கிறார்கள் என்பது பெரும்பாலும் அதிலேயே விளங்கிவிடும்.

உதாரணம் சொல்கிறேன். விமான நிலையத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆணையம் நினைத்தது. இயல்பாக யாருக்கும் தோன்றுவது என்ன? பாதிப்பு விமான நிலையத்தால், ஆகவே விமான நிலையப் பணத்தில் கொடு. சட்டம் இடம் தராது. ஆகவே தென் கிங் கவுன்ட்டி நிதி என்று 1 கோடி டாலர் ஒதுக்கியபோது அதைச் சொத்துவரியிலிருந்துதான் எடுத்தார்கள். விமானத்தின் கீழே குடியிருப்பவரும் சேர்ந்து கட்டிய வரியிலிருந்து அவருக்கே பரிகாரம். தணிக்கைக்காரனாக இதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மனிதனாகச் சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

சுற்றுலா விஷயமும் இப்படித்தான். 2011-இல் வாஷிங்டன் மாநிலம் செலவைக் குறைக்கிறேன் என்று தன் சுற்றுலா அலுவலகத்தையே இழுத்து மூடியது. அப்போது நாட்டில் சுற்றுலா அலுவலகமே இல்லாத ஒரே மாநிலம் இது. ரெய்னியர் மலையையும் வைத்துக்கொண்டு விளம்பரத்துக்கு ஆள் இல்லை! 2018-இல்தான் மாநிலம் புதிய அமைப்பை உண்டாக்கியது. இடையில் அந்த வெற்றிடத்தில் துறைமுகம் நுழைந்தது. விமானத்தில் வருபவரும் கப்பலில் போகிறவரும் அவர்கள் வாடிக்கையாளர் ஆயிற்றே. 2016 முதல் சிறு ஊர்களின் சுற்றுலா அமைப்புகளுக்குச் சிறு மானியம் தருகிறார்கள். வாங்குபவரும் தன் பங்கைப் போட வேண்டும். இங்கேயும் மத்திய நிர்வாகத்தின் விதி ஒன்று குறுக்கே நிற்கிறது: விமான நிலையத்தை விளம்பரப்படுத்த அதன் பணத்தைச் செலவிடலாம், ஊரைப் பொதுவாக விளம்பரப்படுத்தச் செலவிடக் கூடாது. ‘எங்கள் நகருக்கு வாருங்கள்’ என்பதற்கும் ‘எங்கள் நகருக்குச் சீடாக் வழியாக வாருங்கள்’ என்பதற்கும் இடையில் இருக்கும் அந்த இரண்டு சொல்லுக்கு இவ்வளவு கனம்.

தேன்மொழி_வெனாச்சி எழுதியது:

தாத்தா, சுற்றுலா மானியத்தை ஏதோ சொல் விளையாட்டு மாதிரிச் சொல்லிவிட்டீர்கள். மலைக்குக் கிழக்கே எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பழத்தோட்டப் பாதைக்கான விளம்பரக் குழுவில் நான் தன்னார்வலர். எங்களிடம் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. அறுவடைத் திருவிழாவுக்கு ஓர் இணையதளமும் சில நல்ல புகைப்படங்களும் எடுக்கவே நாங்கள் பணம் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. இந்த மாதிரி மானியம் பெரிய நகரத்துக்குச் சில்லறை, எங்களுக்கு ஓர் ஆண்டின் வேலை. விமான நிலையத்துக்குள் விளம்பரப் பலகை இடமும் சிறு ஊர்களுக்கு ஒதுக்குகிறார்கள், பலகை அச்சடிக்கும் செலவு மட்டும் நம்முடையது. பெட்டி எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் ஆப்பிள் மரத்தைப் பார்த்தால் போதும்.

கிங் கவுன்ட்டிக்காரர்கள் வரி கட்டுகிறீர்கள், மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பயன்பெறுகிறோம். அதற்காகக் கதிர் அண்ணனுக்கு இலையுதிர் காலத்தில் ஒரு கூடை ஆப்பிள் தரத் தயார்.

கென்ட்_கதிர் எழுதியது:

தேன்மொழி, கூடைக்கு முகவரி தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தாத்தா, மிக்க நன்றி. இரண்டு கல்லா என்றதும் பாதி தெளிந்துவிட்டது. மீதி இரண்டு கேள்விகள். அந்தக் கார்பன் வேட்பாளர் சொல்வதெல்லாம் ஆணையத்தால் நடத்திக்காட்டக் கூடியதா? விமானமும் கப்பலும் வைத்துப் பிழைப்பவர்கள் பசுமை பேசுவது எனக்குக் கசாப்புக் கடைக்காரர் ஜீவகாருண்யம் பேசுவதாகப் படுகிறது. இரண்டாவது, சத்தம். நள்ளிரவில் விமானம் கூடாது என்று ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் முடிந்ததா, இல்லையா?

தணிக்கை_தாத்தா எழுதியது:

தேன்மொழி, கண்டிப்பு நியாயம்தான் அம்மா. மானியம் தவறென்று நான் சொல்லவில்லை, விதியின் வளைவைச் சொன்னேன்.

கதிர், கசாப்புக் கடை உவமை கொஞ்சம் கடுமை. ஆனால் ஒரு பொருள் இருக்கிறது. துறைமுகம் தானே எரிக்கும் எரிபொருள், தானே வாங்கும் மின்சாரம் ஆகியவற்றின் புகை ஒரு கணக்கு. அதை 2040-க்குள் நிகரப் பூச்சியமாக்குவதாக இலக்கு. இதில் வேலை நடந்திருக்கிறது. 2020 முதல் முனையத்தைச் சூடாக்கவும் பஸ்களை ஓட்டவும் தேவையானதில் பாதிக்கு மேல், குப்பைமேட்டிலிருந்து பிடித்த வாயுவை ஒப்பந்தம் போட்டு வாங்குகிறார்கள். கொதிகலன் அவர்களுடையது, கட்டணச் சீட்டு அவர்களுடையது, ஆகவே முடிந்தது.

இன்னொரு கணக்கு, மற்றவர்கள் விடும் புகை: விமானம், கப்பல், பயணிகளின் கார். இது முந்தையதைப் போலப் பல மடங்கு. இலக்கு 2050. இங்கே ஆணையத்தின் கை நீளம் குறைவு. விமான எரிபொருளில் 10 சதவீதம் 2028-க்குள் தாவர எண்ணெய், கழிவு போன்றவற்றிலிருந்து செய்ததாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எரிபொருளை வாங்குவது யார்? விமான நிறுவனங்கள். வாங்கு என்று உத்தரவிடும் அதிகாரம் துறைமுகத்துக்கு இல்லை. கெஞ்சலாம், மாநில அரசிடம் வரிச்சலுகை கேட்கலாம், அவ்வளவுதான்.

கப்பல் வேறு கதை, ஏனென்றால் படகுத்துறை அவர்களுடையது. அலாஸ்காவுக்குப் போகும் கப்பல் ஒவ்வொன்றும் ஒரு மிதக்கும் ஊர். கரையில் கட்டிக் கிடக்கும் பகல் முழுவதும் விளக்கு, சமையல், குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் தன் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் எஞ்சினை அணைத்துவிடலாம். சியாட்டிலின் மின்சாரம் பெரும்பாலும் அணைகளிலிருந்து வருவது, ஆகவே லாபம் முழுமை. பியர் 91 என்ற படகுத்துறையில் இந்த வசதி முன்பே இருந்தது. நகரின் நடுவில் இருக்கும் பியர் 66-க்கு மின்சாரம் கொண்டுபோவதுதான் தலைவலி. அலாஸ்கன் வே சாலையை அப்போதுதான் பல ஆண்டுகள் தோண்டிப் புதுப்பித்திருந்தார்கள். அதை மறுபடி கொத்தினால் ஊர் அடிக்க வரும். ஆகவே தெற்கே டெர்மினல் 46-இலிருந்து எலியட் விரிகுடாவின் அடியில் சுமார் ஒரு மைல் நீளத்துக்குக் கேபிளை இறக்கிவிட்டார்கள். 2024-இல் இணைப்பு கிடைத்தது. அந்த ஆண்டே ஆணையம் ஓர் உத்தரவும் போட்டது: சியாட்டிலிலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பல்கள் 2027 பருவம் முதல் கரை மின்சாரத்தில் செருகியே ஆக வேண்டும். முன்பு வைத்திருந்த 2030 இலக்கை மூன்று ஆண்டு முன்னுக்கு இழுத்த உத்தரவு அது. எந்தக் கரையில் கட்டுகிறாய் என்று கேட்கும் உரிமை கரைக்காரனுக்கு உண்டு. வானத்துக்குக் கரை இல்லை.

ஆனால் செருகிய கப்பல் மாலையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அலாஸ்காவுக்கு எண்ணெய் எரித்துக்கொண்டுதான் போகிறது. அதையும் நினைவில் வைத்துக்கொண்டு கார்பன் வேட்பாளரின் வாக்குறுதியைப் படியுங்கள். ‘கரையில்’ என்று சொல்கிறாரா, ‘பயணத்தில்’ என்று சொல்கிறாரா?

சத்தம் பற்றி. ஐந்து பேர் அல்ல, ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டாலும் நடக்காது. 1990-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் உள்ளூர் விமான நிலையங்கள் தம் இஷ்டத்துக்கு இரவுத் தடை போடும் வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. விமானம் எந்தப் பாதையில் வரவேண்டும் என்பதும் மத்திய நிர்வாகத்தின் வேலை. 2019-இல் துறைமுகம் செய்தது வேறு மாதிரி. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை சத்த வரம்பை மீறும் நிறுவனங்களின் பெயரைத் தொகுத்து வெளியிடுகிறார்கள். தண்டனை இல்லை, தலைகுனிவு மட்டும். அதனால் பலன் சிறிது உண்டு. சத்தம் உள்ளே வராமல் இருக்க 9,000-க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஜன்னலும் கதவும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எங்கள் தெருவில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தி, விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எல்லோருக்கும் கைவந்த கலை. தெரிந்தேதான் வாங்கினேன், எனக்குப் புகார் இல்லை.

டிமாயின்_மீனா எழுதியது:

தாத்தாவுக்குப் புகார் இல்லை, எனக்கு இருக்கிறது. சத்தம் பற்றி அல்ல, வாக்கு பற்றி. ஐந்து ஆணையரையும் கவுன்ட்டி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. இருபது லட்சத்துக்கு மேல் மக்கள். பியூரியன், சீடாக், டிமாயின், நார்மண்டி பார்க் நான்கையும் கூட்டினாலும் கடலில் கரைத்த பெருங்காயம். ரெட்மண்டில் இருப்பவருக்கு விமான நிலையம் என்றால் விடுமுறைக்குப் போகும் வாசல். எங்களுக்கு அது தலைக்கு மேல் இருக்கும் பக்கத்து வீடு. இருவரின் வாக்கும் ஒரே பெட்டியில்.

இப்போது 31 திட்டங்கள் கொண்ட பெருந்திட்டம் வேறு. 19 வாயில்களுடன் இரண்டாவது முனையம். 2024 அக்டோபரில் மத்திய நிர்வாகம் அதன் சுற்றுச்சூழல் ஆய்வின் வரைவை வெளியிட்டது. அதன் பெயரிலேயே ‘நிலைத்தன்மை’ என்ற சொல் இருக்கிறது. முனையம் கட்டுவதற்கும் நிலைத்தன்மைக்கும் என்ன உறவு என்று யாராவது விளக்கினால் நல்லது.

தணிக்கை_தாத்தா எழுதியது:

மீனா, வாக்கு விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். தொகுதி பிரித்தால் விமானத்தடி ஊர்களுக்கு ஒரு நாற்காலி நிச்சயம். ஆனாலும் வழி முழுவதும் அடைபடவில்லை. சோமாலிய அகதிக் குடும்பத்தில் வந்து சீடாக் பக்கத்தில் வளர்ந்த ஹம்தி முகம்மது 2021-இல் பதவியில் இருந்த ஆணையரைத் தோற்கடித்தார். உங்கள் பக்கத்துக் குரல் கவுன்ட்டி முழுக்கக் கேட்டதால் கிடைத்த வெற்றி அது.

பெருந்திட்டத்தின் பெயர் பற்றி எனக்கும் புன்னகைதான். ஆனால் அதைக் கட்டாவிட்டால் கூட்டம் குறையுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2019-இலேயே ஆண்டுக்கு 5 கோடிப் பயணிகளைத் தாண்டியாயிற்று. அதே ஆண்டு மாநிலம் வேறொரு புதிய விமான நிலையத்துக்கு இடம் தேட ஒரு குழு போட்டது. கிங் கவுன்ட்டி கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பியர்ஸ், தர்ஸ்டன் கவுன்ட்டிகளில் இடம் குறித்ததும் அங்கே மக்கள் கொதித்து எழுந்தார்கள், 2023-இல் குழுவையே கலைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எல்லா ஊருக்கும் முடிந்தது. உங்களுக்கும் எனக்கும் முடியவில்லை, ஏனென்றால் நம்முடையது 1942-இலேயே வந்துவிட்டது.

அதிகாரம் பற்றி ஒரே ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். 2013-இல் சீடாக் நகர மக்கள் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று வாக்களித்தார்கள். வித்தியாசம் 77 வாக்கு. விமான நிலையத்துக்குள் நகரச் சட்டம் செல்லாது, அங்கே துறைமுகத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. மூட்டை தூக்குபவரும் சக்கர நாற்காலி தள்ளுபவரும் இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். 2015 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நகரச் சட்டம் உள்ளேயும் செல்லும் என்றது. ஆகாயத்தில் மத்திய அரசு, நிலத்தில் துறைமுகம், கூலியில் நகரம். ஐந்து ஆணையரின் நாற்காலி இந்த இடுக்கில்தான் போட்டிருக்கிறது.

கதிர், உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள்: வேட்பாளர் ‘சத்தத்தை நிறுத்துவேன்’ என்றால் அது அவர் கையில் இல்லை. ‘கப்பல் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பேன்’, ‘வரியை உயர்த்தமாட்டேன்’, ‘இரண்டாவது முனையத்துக்கு வாக்களிக்கமாட்டேன்’ என்றால் அவை கையில் இருப்பவை. பிடிக்கிறதா இல்லையா என்பது அவர் விருப்பம்.

கூட்டத்துக்கு ஒருமுறை வாருங்கள். முக்கியமானதெல்லாம் விவாதத்தில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தொடக்கத்தில் ‘ஒப்புதல் பட்டியல்’ என்று ஒன்று வரும். பல கோடி டாலர் ஒப்பந்தங்கள் பத்துப் பதினைந்தும் ஒரே கையெழுப்பில் நிறைவேறிவிடும், தும்மினால் தவறவிடுவீர்கள். அதில் இருக்கும் குறிப்புகளை முதல்நாளே இணையத்தில் படித்துவிட்டு வந்தால்தான் சுவை. பணம் எந்தக் கல்லா என்று ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் எழுதியிருக்கும், நான் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.

கென்ட்_கதிர் எழுதியது:

கடைசியிலிருந்து படிக்கிறேன். அடுத்த செவ்வாய் விடுப்பு எடுத்துவிட்டு வருகிறோம். எங்கே வர வேண்டும்?

தணிக்கை_தாத்தா எழுதியது:

அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிலமுறை கடற்கரையில் பியர் 69, சிலமுறை விமான நிலைய மாநாட்டு அறை. நான் ஒருமுறை பியர் 69-இல் போய் உட்கார்ந்துவிட்டேன், கூட்டம் பன்னிரண்டு மைல் தெற்கே நடந்துகொண்டிருந்தது. விமான நிலையம் என்றால் பயப்பட வேண்டாம், அறை பாதுகாப்புச் சோதனைக்கு முன்பாகவே இருக்கிறது. டிக்கெட் வேண்டியதில்லை. முன்வரிசையில் சாம்பல் நிறத் தொப்பி போட்ட கிழவன் நான்தான்.